நவம்பரில் மட்டும் உறக்கம் கெடுவது ஏன்? கடிகார மாற்றம் குறித்து ஓய்வு பெற்ற நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்காவில் வசிக்கும் நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "நான் பணி ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகம் கிடையாது, பள்ளிக்கு அனுப்பப் பிள்ளைகளும் கிடையாது. ஆனாலும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. மார்ச் மாதத்தில் எனக்கு எந்தச் சிரமமும் தெரிவதில்லை. நவம்பரில்தான் இரண்டு வாரங்களுக்கு உறக்கம் கெட்டுவிடுகிறது. மற்றவர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்களே, கோளாறு என்னிடமா? இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டால் எந்த நேரத்தை வைத்துக்கொள்வது நல்லது? கடைசியாக, மணி அடிக்கும் என் பழைய ஊசல் கடிகாரத்தின் முள்ளைப் பின்னோக்கித் திருப்பலாமா?"

கோளாறு உங்களிடம் இல்லை. உங்கள் வயதுக்காரர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். வயது ஏற ஏற நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் சற்று முன்னே நகர்ந்துவிடுகிறது. இரவு சீக்கிரமே கண் சொக்கும், விடிவதற்கு வெகு முன்பே விழிப்புத் தட்டிவிடும். நீங்கள் வழக்கமாக 4 மணிக்கு விழிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணியை 3 மணி ஆக்கிவிடுவதால், அன்று நீங்கள் விழிக்கும்போது கடிகாரம் 5 மணி காட்டும். பரவாயில்லை, இன்று நன்றாகத் தூங்கியிருக்கிறோம் என்றுகூடத் தோன்றும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவதால் அதே விழிப்பு 3 மணிக்கு வந்து நிற்கிறது. வேலைக்குப் போகும் இளைஞருக்கு அது கூடுதலாக ஒரு மணி நேர உறக்கம். உங்களுக்கோ இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய கூடுதலான ஒரு மணி நேரம்.

மார்ச் மாற்றம் இதயத்துக்கு ஆகாது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். சுவீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, வசந்தகால மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 விழுக்காடு கூடியதாகக் காட்டியது. அந்தச் செய்தியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு தகவல் அதே ஆய்வில் இருக்கிறது: அந்தத் தாக்கம் 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடமே கூடுதலாகத் தெரிந்தது. மூத்தவர்களுக்குக் காலையில் அலாரம் வைத்து எழுந்து ஓட வேண்டிய கட்டாயம் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதற்காக இதய நோய் உள்ள முதியவர் கவனமின்றி இருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால், இந்த ஏற்பாடே வேலைக்குப் போகிறவரை மனத்தில் வைத்துத்தான் பிறந்தது. நியூசிலாந்தில் அஞ்சல் அலுவலகத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் ஹட்சன் பூச்சிகளைச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டவர். பணி முடிந்து வந்தபின் பூச்சி தேட வெளிச்சம் வேண்டும் என்ற எண்ணத்தில், கடிகாரத்தை 2 மணி நேரம் முன்னே தள்ளும் யோசனையை 1895-இல் முன்வைத்தார். இங்கிலாந்தின் கட்டட ஒப்பந்தக்காரர் வில்லியம் வில்லெட் 1907 முதல் இதற்காகப் போராடினார். ஆனால் 1916-இல் முதலில் ஜெர்மனியும் பின்னர் பிரிட்டனும் போர்க்கால எரிபொருளை மிச்சப்படுத்த இதைக் கொண்டுவந்தபோது அவர் உயிருடன் இல்லை. பகல் முழுவதும் தன் வசம் இருக்கும் ஓய்வு பெற்றவருக்கு மாலையில் ஒரு மணி நேரத்தைச் சேமித்துக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. வெயில் வேண்டுமானால் அவர் காலை 10 மணிக்கே தோட்டத்துக்குப் போய்விடலாம்.

அப்படியிருந்தும் ஓய்வு பெற்றவர்களில் கணிசமானோர், மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடை நேரமே ஆண்டு முழுவதும் நீடிக்கட்டும் என்கிறார்கள். இதற்கு வலுவான காரணம் கார் ஓட்டுவது. முதுமையில் கண்ணின் பாவை சிறுத்துவிடுகிறது, வில்லையும் மங்கிவிடுகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் பட்டால் சில நொடிகளுக்குச் சாலையே தெரிவதில்லை. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும் ஊர்களில், இரவில் வண்டி ஓட்டுவதைக் கைவிட்டவர் மதிய உணவு முடிந்த கையோடு வீடு திரும்பக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டு விசேஷம், கோயில், நண்பர்களுடன் நடை எல்லாமே அந்த இருட்டுக்கு அஞ்சிச் சுருங்கிவிடுகின்றன. இந்தக் குறையை அலட்சியம் செய்ய முடியாது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் 1974-ஐ நினைவூட்டுகிறார்கள். எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா அந்த ஆண்டு ஜனவரியில் குளிர்காலத்திலும் கோடை நேரத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போனதைப் பெற்றோரால் பொறுக்க முடியாமல் போக, அக்டோபரில் சட்டத்தைத் திருத்திக் குளிர்காலத்துக்குப் பழைய நேரத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்று அப்படி நடந்துபோன சிறுவர்கள்தாம் இன்றைய ஓய்வு பெற்றவர்கள். ஆண்டு முழுவதும் கோடை நேரம் என்றால் டெட்ராய்ட் போன்ற நகரில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உதிக்கவே காலை 9 மணி ஆகிவிடும். நடைபாதையில் பனி உறைந்திருக்கும் நாளில் வழுக்கி விழ அஞ்சும் முதியவருக்கு அந்த இருண்ட காலையும் சிறை போன்றதுதான்.

மாற்றுவதை நிறுத்த வேண்டும் என்பதில் பலரும் ஒத்துப்போகிறார்கள். எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் இழுபறி. 2018-இல் ஐரோப்பிய ஆணையம் கருத்துக் கேட்டபோது பதிலளித்த 46 லட்சம் பேரில் 84 விழுக்காட்டினர் நிறுத்தச் சொன்னார்கள். 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆதரித்து வாக்களித்தது. அதன்பின் உறுப்பு நாடுகளின் உடன்பாடு கிடைக்காமல் அது கிடப்பில் கிடக்கிறது. அமெரிக்க செனட் சபை 2022-இல் கோடை நேரத்தை நிரந்தரமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மக்கள் சபையில் அது நகரவில்லை. உறக்க மருத்துவர்களின் அமெரிக்க அமைப்போ, நவம்பரில் நாம் திரும்பும் குளிர்கால நேரமே நிரந்தரமாக இருக்கட்டும் என்கிறது. அது சூரியனோடு நெருங்கி நிற்கும் நேரம் என்பதால் நானும் அதன் பக்கம்தான். ஆனால் உங்களைப் போல 4 மணிக்கே விழிப்பவருக்கு எது நிரந்தரமானாலும் ஒன்றுதான். தொல்லை தருவது ஒரே இரவில் நிகழும் அந்தத் தாவல்.

அதுவரை நவம்பரைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. மாற்றத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே படுக்கப் போவதை நாளுக்குக் கால் மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பிற்பகல் வெளிச்சத்தில் சற்று நேரம் வெளியே நடங்கள். 3 மணிக்கு விழிப்பு வந்தால் அறையின் பெரிய விளக்கைப் போடாதீர்கள். இரவு உணவையும் அதே கால் மணிக் கணக்கில் நகர்த்தலாம். இன்சுலினோ, நேரம் தவறாமல் விழுங்க வேண்டிய வேறு மாத்திரைகளோ இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசல் கடிகாரத்துக்கு வருகிறேன். மணி அடிக்கும் பழைய கடிகாரங்கள் பலவற்றில் முள்ளைப் பின்னோக்கித் திருப்பினால் அடிக்கும் பொறி பழுதாகக்கூடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் வந்தபிறகு, முக்காலியின் மேல் ஏறாமல் வீட்டில் யாரையாவது துணைக்கு அழைத்து, ஊசலைக் கையால் பிடித்து நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை மெதுவாக ஆட்டிவிட்டால் போதும், முள்ளைத் தொடவே வேண்டியதில்லை.