கரீமாவின் முன்னால் ஏழு தாள்

(இலங்கையின் கிண்ணியாவில் பெண்களுக்கான ஓர் ஒன்றுகூடலில் பேசியது. வராதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

அஸ்ஸலாமு அலைக்கும்.

இமாம் புகாரியைத் தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. ஆனால் நபிமொழிகளான ஹதீஸ்களை அவர் தொகுத்த ஸஹீஹுல் புகாரியை மக்காவில் இருந்து ஓதிக்கொடுத்த ஒரு பெண்ணின் பெயரை இங்கே இருக்கிற உம்மாமாரில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? கரீமா பின்த் அஹ்மத். ஊர் மர்வ், இன்றைக்கு அது துருக்மெனிஸ்தானில் இருக்கிறது, அதனால்தான் அல்மர்வஸிய்யா என்பார்கள்.

அந்த ஸஹீஹ் யார் யார் வாய் வழியாகக் கரீமாவிடம் வந்தது என்ற அறிவிப்பாளர் வரிசையை விரலில் எண்ணிவிடலாம். இமாம் புகாரி ஹிஜ்ரி 256இல் வபாத்தானார். அவரிடம் நேரில் கேட்டவர் ஃபிரப்ரி. ஃபிரப்ரியிடம் கேட்டவர் குஷ்மீஹனி. குஷ்மீஹனியிடம் இளம் வயதில் கேட்டவர் கரீமா. அவர் வபாத்தானது ஹிஜ்ரி 463இல், கிட்டத்தட்ட 100 வயதில். 200 வருடத்துக்கு மேற்பட்ட தூரம், இடையில் இரண்டே பேர்! இப்படிக் கிட்டிய வரிசை ஒருவரிடம் இருந்தால் மாணவர்கள் தேடி வருவார்கள்தானே, வந்தார்கள், ஆண்களும் வந்தார்கள், பெரிய ஆலிம்களும் வந்தார்கள். பக்தாதின் பேர்பெற்ற ஹதீஸ் அறிஞர் கதீப் அல்பக்தாதி ஹஜ்ஜுக்கு வந்தபோது ஸஹீஹ் முழுவதையும் கரீமாவிடம் ஐந்தே நாளில் ஓதி முடித்தார். திரும்ப வருவதையும் சேர்த்தால் 7,000க்கு மேற்பட்ட ஹதீஸ். கடலுக்கு அந்தப் பக்கம் காயல்பட்டினத்தில் ரஜப் மாதம் இந்த ஸஹீஹை ஓதும் புகாரி ஷரீப் மஜ்லிஸ் 30 நாள் நடக்கும். அதோடு வைத்துப் பாருங்கள், அந்த ஐந்து நாளும் ஓதியவரும் கேட்டவரும் எப்படி இருந்திருப்பார்கள் என்று.

ஆனால் எனக்கு ஐந்து நாளைவிட ஏழு தாள்தான் பெரிது. அபுல் கனாயிம் என்ற மாணவர் சொன்னதை, அறிஞர்களின் வரலாற்றை எழுதிய இமாம் தஹபி பதிந்து வைத்திருக்கிறார். கரீமா தன்னுடைய ஸஹீஹ் பிரதியை எடுத்துக்கொடுத்தார், இவர் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஏழு தாள் எழுதினார், வாசித்தும் காட்டினார். பிறகு, எழுதியதை மூலப் பிரதியோடு தனியாக வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். கரீமா விடவில்லை. இல்லை, என்னோடு இருந்துதான் ஒப்பிட வேண்டும் என்றார். அவரும் அப்படியே செய்தார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? எகிப்தில் இப்னு லஹீஆ என்றொரு அறிவிப்பாளர் இருந்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பள்ளிவாசலில் பாயால் ஓர் இடத்தை மறைத்துக்கொண்டார்கள் என்று ஒரு ஹதீஸ். அரபியில் 'இஹ்தஜர'. அவர் ஆசிரியர் வாயால் கேட்காமல் ஏட்டிலிருந்து எடுத்தார், 'இஹ்தஜம' என்று அறிவித்துவிட்டார். கடைசி எழுத்து ஒன்றுதான் மாறியது, அர்த்தமோ பள்ளிவாசலில் ஹிஜாமா, அதாவது இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சை, செய்துகொண்டார்கள் என்று ஆகிவிட்டது. இந்தப் பிழையை, புகாரியைப் போலவே ஹதீஸ் தொகுத்த இமாம் முஸ்லிமே எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்தக் காலத்துக் கையெழுத்தில் 'ர'வும் 'ம'வும் எவ்வளவு கிட்ட நிற்கும் என்று ஓதிக்கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் ஆசிரியர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார்.

போன மாதம் என் வகுப்பில் ஒரு பிள்ளை ஹதீஸ் எழுதிய கொப்பியைக் கொண்டுவந்தாள். அழகான கையெழுத்து, ஓரத்தில் சிவப்புப் பேனையால் கோடு. நான் கிதாபை வைத்துக்கொண்டு வாசித்தேன், அவள் விரலால் தன் வரியைத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. ஒரு 'லா' விடுபட்டிருந்தது. 'செய்யாதே' என்பது 'செய்' ஆகிக் கிடந்தது. அந்தக் கொப்பியைப் பார்த்து ஏற்கனவே மூன்று பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அன்று எனக்கு நெஞ்சு பதறியது. வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு எத்தனை 'ஹதீஸ்' வருகிறது, யார் யாரோடு ஒப்பிட்டார்கள்?

அப்புறம் கரீமாவின் வாப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அஹ்மத் தன் மகளைக் கூட்டிக்கொண்டு பைத்துல் முகத்தஸ், அதாவது ஜெருசலேம், வரை போனார், பிறகு மக்காவுக்குக் கூட்டிவந்தார். மர்விலிருந்து என்றால் எவ்வளவு தூரம்! இதை வாசித்தபோது என் வாப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் நமக்குப் பாதைதானே, அக்கரைக்கு ஏற்றிப்போகும் அந்தப் படகு. ஓத வேண்டும் என்று நான் கேட்டதற்காக, கிதாப்களைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பாதை வரும்வரை என்னோடு வெயிலில் நிற்பார். பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு ஓதல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை, அடுத்த கிழமையும் வந்து நின்றார்.

கரீமா கல்யாணம் முடிக்கவில்லை, பிள்ளை குட்டி இல்லை. ஆனால் அவர் வபாத்தாகி ஏறக்குறைய 400 வருடம் கழித்து கெய்ரோவில் ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் ஸஹீஹுக்கு ஃபத்ஹுல் பாரி என்ற விரிவுரையை எழுதும்போது, ஒரு சொல் பிரதிக்குப் பிரதி மாறும் இடங்களில் 'கரீமாவின் அறிவிப்பில் இப்படி' என்று திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். எதிரே உட்காரவைத்து ஒப்பிட்ட அந்தத் தாள்கள் அங்கே வரைக்கும் பேசுகின்றன.

சரி, பின்வரிசைப் பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கொப்பியோடு வாருங்கள். எழுதி முடித்தவர்களும் வாருங்கள். கிதாபை நான் வைத்திருப்பேன், முதல் பக்கத்திலிருந்தே பார்ப்போம்.