செத்தவனுக்கு ஏது ஃபிளாஷ்பேக்?

(காரைக்குடி மாசி பங்குனித் திருவிழாவை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நிஜக் கொலைகாரர்களைப் பற்றிய படங்கள் நமக்குள் வளர்ப்பது தெளிவையா, பரிவையா? ‘பரிவையே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், பால்குடம் எடுத்த களைப்போடு பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்தபடி ரோஸ்மில்க் குடிக்கிற தம்பிகளுக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். நல்லவர்கள்தான். தலைப்புத்தான் அவர்களுக்குச் சரியாக அமையவில்லை.

வக்கீல் அண்ணன் பேசிவிட்டுப் போனார். “கொலைகாரன் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அவனை வளர்த்த வறுமையையும், அடித்த போலீஸையும், கைவிட்ட ஊரையும் சினிமா காட்டுகிறது. அதனால் வருவது தெளிவு” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அண்ணன் குரல் அப்படி. ஆனால் இது பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய சீமை. ஒருவன் பெயரில் வரவு ஏறினால் அது யார் பெயரில் பற்று என்று பார்க்காமல் நாம் நோட்டை மூடமாட்டோம். கொலைகாரன் கணக்கில் இவ்வளவு பரிவு வரவு வைக்கிறார்களே, பற்று யார் பேரில்? நான் கேட்க வந்தது அதைத்தான்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2021 நவம்பரில் ‘குருப்’ படம் வந்தது. மலையாளத்துப் படம், தமிழிலும் போட்டார்கள். அக்கா மகனோடு போனேன். துல்கர் சல்மான் நடந்து வருகிறார். அந்த மீசை, அந்தக் காலத்துப் பெரிய காலர், பின்னால் ஓர் இசை. போலீஸ் ஒரு பக்கம் தேடுகிறது, இவர் இன்னொரு பக்கம் நழுவுகிறார். தியேட்டரில் விசில். நானும் கைதட்டினேன் ஐயா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் திருக்குறள் நடத்துகிறவள், கொலைகாரன் தப்பித்ததற்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் நிஜக்கதையைத் தேடிப் படித்தேன். படித்ததும் எனக்கு எங்கப்பா நினைவு வந்தது.

எங்கப்பா புதுவயல் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவர். மதுரையிலிருந்து படப்பெட்டி வரும். பெட்டியோடு விநியோகஸ்தரின் ஆளாக ஒரு ரெப் வருவார். தரை எத்தனை, பெஞ்சு எத்தனை, சேர் எத்தனை என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எண்ணி எழுதுவதுதான் அவர் வேலை. கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. இரண்டாவது ஆட்டம் முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுப்பார். அம்மா ஒரு சொம்பு நீராகாரமும் நாலு சின்ன வெங்காயமும் கொண்டுபோய் வைப்பாள். விடிந்து நான் எழுந்தால் ஆள் இருக்கமாட்டார். திண்ணையில் பாய் மட்டும் ஓரம் பிசகாமல் சுருட்டியிருக்கும்.

அந்த நிஜக்கதையில் செத்த சாக்கோவும் அப்படி ஒரு ரெப். ஆலப்புழைக்காரர். 1984 ஜனவரியில் ஓர் இரவு, வேலை முடிந்து வீட்டுக்குப் போக வண்டிக்குக் காத்து நின்றார். மனைவி நிறைமாசமோ என்னவோ, கர்ப்பிணி. ஒரு கார் வந்து நின்றது, ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ஏறினார். சுகுமார குருப் செத்துவிட்டான் என்று ஊரை நம்பவைத்து இன்சூரன்ஸ் பணம் வாங்க அவர்களுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. இவர் குருப்பின் வாட்டசாட்டத்தில் இருந்தார். அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. கொன்று, காரில் வைத்துக் கொளுத்தினார்கள். குருப் இன்றுவரை அகப்படவில்லை.

யோசித்துப் பாருங்கள். செத்தவர் சினிமாவுக்கு வசூல் எண்ணிக் கொடுத்த ஆள். அவரைக் கொன்றவனை நாயகனாக்கி, அதே சினிமா வசூல் எண்ணியது. கொன்றவன் பெயர் போஸ்டரில் கொட்டை எழுத்தில். செத்தவருக்குப் படத்தில் சொந்தப் பெயர்கூட இல்லை, ‘சார்லி’ என்று மாற்றிவிட்டார்கள்.

எதிரணி ஒன்று சொல்லும், அதை நானே சொல்லிவிடுகிறேன். டீசர் வந்ததும் சாக்கோவின் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. படக்குழு மகனுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியது. பார்த்த மகன், இதில் கொலையை நியாயப்படுத்தவில்லை என்று சொல்லிவிட்டார். உண்மைதான். தகப்பன் சாகும்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளை அவர். அவர் மனசு ஆறியதென்றால் அதில் தலையிட நான் யார்? ஆனால் நோட்டீஸ் போன பிறகுதானே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்?

அமெரிக்காவில் அதுவும் கிடையாது. 17 பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமரைப் பற்றி 2022இல் ஒரு தொடர் வந்தது. செத்தவர்களில் ஒருவரின் சகோதரி நீதிமன்றத்தில் நின்று கதறியதை, அதே சட்டை, அதே தலைமுடி, அதே வார்த்தையாக ஒரு நடிகையை வைத்து எடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அந்த அம்மாவே எழுதினார். டெட் பண்டி என்று இன்னொருவன். அவனைப் பற்றி 2019இல் ஆவணத்தொடர் வந்தபோது, ‘ஆள் அழகாக இருக்கிறானே’ என்று பார்த்தவர்கள் பேசப் பேச, வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸே, கொலை செய்யாத அழகர்கள் எங்களிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதிவு போட வேண்டியதாயிற்று. விதைத்தவனே ‘ஐயோ முளைத்துவிட்டதே’ என்கிறான்!

இது எப்படி நடக்கிறது? பெரிய ரகசியம் இல்லை ஐயா. கொலைகாரனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் கொடுக்கிறார்கள். குடிகாரத் தகப்பன், மழையில் நனைகிற சிறுவன், பின்னால் ஒற்றை வயலின். இடைவேளைக்குள் அவன் நம் வீட்டுப் பிள்ளை. செத்தவனுக்கு? கதவைத் திறப்பான், “யாரு?” என்பான், விழுவான். அவனுக்கும் ஒரு தாய், தீபாவளிக்கு எடுத்த ஒரு சட்டை, பாதி கட்டிய ஒரு சீட்டு இருந்திருக்கும். அதற்கெல்லாம் படத்தில் நேரமில்லை. நேரம் இல்லாதவனுக்கு நம்மிடம் கண்ணீரும் இல்லை.

நேரத்தைக் கூட்டிக் குறைப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு பழகிய பிரேம் ஆஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஒரு வாரப் பத்திரிகை அவரை வீரராக்கியது. தெருவில் நானாவதி ரிவால்வர் பொம்மையும் ஆஹுஜா துண்டும் விற்றார்கள். ஏன் துண்டு? செத்தவர் துண்டோடு இருந்தாராம். ஒரு மனிதன் செத்தது வேடிக்கைச் சாமானாகிவிட்டது. ஜூரியில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் குற்றவாளி என்றார். அதை ஏற்காமல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2016இல் இதை வைத்து ‘ரஸ்டம்’ எடுத்தார்கள். நிஜத்தில் இருந்தது மனைவி விவகாரம். படத்தில் கூடவே ஒரு ராணுவ ஊழலையும் சேர்த்து, சுட்டவரை தேசபக்தராக்கி, செத்தவரை ஊழல்காரனாக்கி, ஜூரி விடுதலை செய்வதோடு முடித்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்தைக் காணோம்! அக்‌ஷய் குமாருக்கு அந்த வேஷத்துக்குத் தேசிய விருது. வக்கீல் அண்ணே, இதுவா தெளிவு?

கல்லூரியில் படிக்கிற தங்கச்சி ஒன்று கேட்டது, நல்ல கேள்வி. “ஆளவந்தார் கொலை வழக்கில் எந்தப் படமும் வரவில்லையே, அப்போதே ஜனங்கள் கொன்றவர்கள் பக்கம் இரக்கப்பட்டார்களே? சினிமாவை ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?” இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1952. நம்ம மானாமதுரை ஸ்டேஷன். போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறுகிறது. திறந்தால் தலையில்லாத உடம்பு. சென்னையில் பேனா விற்ற ஆளவந்தார். கொன்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும். செத்தவர் நடத்தை சரியில்லை என்று ஊரே பேசியது, இரக்கமும் அவர்கள் பக்கம் போனது. தங்கச்சி சொன்னது வாஸ்தவம். ஆனால் அம்மா, அந்த வழக்கு கோர்ட்டில் நடந்தது. சாட்சி வந்தது, குறுக்கு விசாரணை நடந்தது, அதன் பிறகு கணவருக்கு ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று வருஷம் என்று தீர்ப்பானது. இரக்கம் அங்கே தண்டனையைக் குறைத்திருக்கலாம். கொலையை இல்லையென்று ஆக்கவில்லை. திரையில் குறுக்கு விசாரணை ஏது? ஒரே வக்கீல், அவரே நீதிபதி, அவரே இசையமைப்பாளரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

எதிரணியின் பெரிய ஆயுதம் ‘மான்ஸ்டர்’ படம். ஃபுளோரிடாவில் ஏழு ஆண்களைக் கொன்ற அய்லீன் வூர்னோஸின் கதை. 2002இல் அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். அடுத்த வருஷமே படம். சார்லிஸ் தெரோனுக்கு ஆஸ்கர். அந்தப் பெண் சிறு வயதிலிருந்து பட்டதெல்லாம் நிஜம். நானும் பார்த்து அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் எதிரணி சொல்லாமல் விட்ட ஓர் இடம் இருக்கிறது. கடைசியாக ஒரு வயசானவர் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, உதவத்தான் நிறுத்தினார். அவரை முட்டிபோட வைக்கிறாள். அவர் கெஞ்சுகிறார். இயக்குநர் காமிராவை அவரிடமிருந்து திருப்பவில்லை. அதுவரை அவளுக்காக அழுத கண், அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடும். தெளிவு என்றால் அதுதான் ஐயா தெளிவு. அந்தப் பெரியவராக நடித்தவர் ஸ்காட் வில்சன். 1967இல், ஒரு குடும்பத்தையே கொன்ற நிஜக் கொலையாளி ஒருவனாக நடித்தவர் அவரேதான். பரிகாரம் போல இருக்கிறது, இல்லையா? ஆக, எடுக்க முடியாமல் இல்லை. எடுப்பதில்லை. நூற்றில் ஒன்றைக் காட்டி ஊரே அப்படித்தான் என்றால் எப்படி?

“கொலைகாரன் கதையென்றால் அவனைத்தானே காட்டவேண்டும்” என்று அண்ணன் கேட்டார். காரைக்குடியில் நின்று இப்படிக் கேட்கலாமா? 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர். வாலி வதத்தை வைத்து இந்த ஊர் எத்தனை பட்டிமன்றம் கேட்டிருக்கும்! கம்பனுக்கு ராமன் கதாநாயகன் மட்டுமா, தெய்வம். ஆனாலும் ராமன் மறைந்து நின்று அம்பு விட்ட இடத்தில் கம்பன் என்ன செய்தான்? அம்பு பட்டவனைப் பேசவிட்டான். வாலி நெஞ்சில் பாய்ந்த அம்பைப் பிடுங்குகிறான், அதில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கிறான், பிறகு எதிரே வந்து நிற்கிற ராமனைப் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி. தாரையை அழவிடுகிறான், அங்கதனை அழவிடுகிறான். தெய்வத்தின் கதையிலேயே விழுந்தவனுக்கு அவ்வளவு இடம் கிடைத்தது. இன்சூரன்ஸ் பணத்துக்கு ஆள் கொன்றவன் கதையில் கிடைக்காதா?

நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். ஒரே நிமிஷம் ஐயா.

வீரப்பன் மீசை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கை தூக்குங்கள். ஒரு கையும் இல்லை; முன்வரிசைப் பாப்பாகூடத் தூக்கவில்லை. சரி, பி. ஸ்ரீநிவாஸ் யார் என்று தெரிந்தவர்கள்? அங்கே ஒரு பெரியவர் தூக்குகிறார். ஐயா, பாடகர் பி.பி. ஸ்ரீநிவாஸ் இல்லை. உட்காருங்கள்.

இவர் வனத்துறை அதிகாரி. வீரப்பனின் சொந்த ஊர் கோபிநத்தத்திலேயே போய் இருந்துகொண்டு, ஜனங்களுக்கு மருந்து கொடுத்தவர். ஊருக்கு ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தவர். சரணடைகிறேன், ஆயுதம் இல்லாமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பி, 1991 நவம்பரில் வீரப்பன் அவர் தலையை வெட்டினான். அரசு கீர்த்தி சக்ரா கொடுத்தது. அதிரடிப்படையிடம் மலைக்கிராமத்து ஜனங்கள் பட்ட பாடு நிஜம், அவர்களுக்காக எத்தனை படம் எடுத்தாலும் அழலாம். ஆனால் அந்த ஜனங்களுக்காக வருகிற கண்ணீரையும் மீசைக்காரர் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். கோபிநத்தத்துக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. அவன் பிறந்த ஊரில், அந்த மாரியம்மன் கோயிலில், அவன் கொன்றவருடைய படத்தை வைத்திருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டது. அடுத்து எதிரணியிலிருந்து யார் வந்தாலும் ஒரே ஒரு விண்ணப்பம். நம்ம ஆட்டோ சங்கர். 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கில் போட்டார்கள். 2019இல் தொடராக எடுத்தார்கள். உங்கள் அணி இரண்டு முறை அந்தப் பெயரைச் சொன்னது. அவன் கொன்றது ஆறு பேரை. அந்த ஆறில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நேற்று ராத்திரி தேடி எடுத்து இந்தத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நடுவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், அவர் சரிபார்த்துக்கொள்வார்.