ஆர்கன் இசை கேட்கணுமா? முதலில் எந்த ஊர் ஆர்கன் என்று பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. சர்ச் ஆர்கன், அதாவது குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் பெரிய கட்டை வாத்தியம், அதன் இசை கேட்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இன்றைய வீடியோ. பலர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் டி மைனர் டொக்காட்டாவில் (விரல் வித்தை காட்டும் இசை வடிவம்) தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பேய்ப் படங்களில் வருமே, அதேதான். அது பாக் எழுதியதுதானா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. நாம் அதைத் தாண்டிப் போவோம்.

ஒரு ரெக்கார்டிங் கையில் கிடைத்தால் நான் வாசிப்பவர் பெயரை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் எந்த ஊர், எந்த ஆர்கன். ஏனென்றால் ஒவ்வொரு பெரிய ஆர்கனும் ஒரு கட்டடத்துக்கென்றே செய்தது. கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஒன்றுதான். விரலை எடுக்கும்வரை சுரம் தேயாமல் நிற்கும். எந்தக் குழாய் வரிசையைத் திறப்பது, விரலை எப்போது எடுப்பது, எதிரொலி அடங்க எவ்வளவு நேரம் விடுவது, இவைதான் கலைஞர் கையில் இருக்கின்றன. மூன்றுமே அந்த இடத்தைப் பொறுத்தவை.

ஜெர்மனியில் காப்பெல் என்று ஒரு கிராமம். அங்கே இருப்பது ஆர்கன் செய்யும் கைவினைஞர் ஆர்ப் ஷ்னிட்கர் 1680இல் ஹாம்பர்க் நகரத்துத் தேவாலயம் ஒன்றுக்குச் செய்த ஆர்கன். கிராமத்துத் தேவாலயம் தீயில் போனபின், 1816இல் இதை வாங்கிக் கொண்டுவந்தார்கள். ஹாம்பர்க்கில் அது இருந்த தேவாலயத்தைப் பின்னால் இடித்தே விட்டார்கள். இடம் மாறியதால் பிழைத்த வாத்தியம்! 1950களின் தொடக்கத்தில் ஜெர்மன் ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்கா அங்கே உட்கார்ந்து பாக்கைப் பதிவு செய்தார். இளம் வயதிலேயே பார்வை போனவர். ஒவ்வொரு குரலையும், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும் மெட்டு வரிகளில் ஒவ்வொன்றையும், தனித்தனியாகப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து, மனதுக்குள்ளேயே சேர்த்துக்கொள்வார். அவர் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) வாசித்தால் நாலு குரலும் நாலு பேர் பேசுவது போலப் பிரிந்து கேட்பது அதனால்தானோ என்று தோன்றும். உணர்ச்சி குறைவு, வறட்சி என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வறட்சிதான் பிடிக்கும்.

வால்காவிடம் முதலில் பாக்கின் சி மைனர் பசகாலியா கேளுங்கள். எட்டு பார் (தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) நீளமுள்ள ஒரு மெட்டு, காலால் மிதிக்கும் பெடலில் தனியாக வரும். அதன்மேல் 20 மாறுபாடுகள், கடைசியில் ஃபியூக். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பெடல் அப்படியே காணாமல் போய்விடும். பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாய் 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அது காதில் விழுவதைவிட நெஞ்சில் அதிர்வதுதான் அதிகம். நல்ல ஹெட்போன் இருந்தால் பாதியாவது கிடைக்கும்.

பாக் 1705இல் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக் வரை, ஏறக்குறைய 400 கிலோமீட்டர், நடந்தே போனார், அங்கே ஆர்கன் வாசித்த மூத்த கலைஞர் பூக்ஸ்டஹூட வாசிப்பதைக் கேட்பதற்காக. நாலு வாரம் லீவு, திரும்பியது நாலு மாதம் கழித்து! பூக்ஸ்டஹூட வாசித்த மரியன் தேவாலயத்து ஆர்கன்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோயின. அதே ஊரில் யாகோபி தேவாலயத்துச் சின்ன ஆர்கன் தப்பியது. வால்கா 1947இல் பதிவைத் தொடங்கியது அதில்தான்.

சரி, இப்போது பாரிஸ். முற்றிலும் வேறு உலகம். ஆர்கன் செய்பவரான கவையே-கோல் 1862இல் செய்து முடித்த சேன் சுல்பீஸ் தேவாலயத்து ஆர்கனில் ஐந்து கட்டை வரிசை, 100 ஸ்டாப் (குழாய் வரிசைகளைத் திறந்து மூடும் பிடிகள்). ஒரு ஆர்கெஸ்ட்ரா போலவே மெல்ல வளர்ந்து இடிபோல முழங்கும். இசையமைப்பாளர் ஷார்ல் மரி விடோர் அங்கே அறுபது வருஷத்துக்கும் மேல் வாசித்தார். கல்யாண வீடுகளில் ஒலிக்கும் அவருடைய டொக்காட்டாவை இன்று பலர் ரயில் பிடிக்கிற அவசரத்தில் வாசிக்கிறார்கள். 1932இல், 88 வயதில், விடோரே அதே ஆர்கனில் வாசித்த பதிவு இருக்கிறது. கரகர ஒலிதான், ஆனால் வேகம் எவ்வளவு நிதானம் பாருங்கள்! அவ்வளவு பெரிய கட்டடத்தில் அவசரப்பட்டால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அது அவருக்குத் தெரியும்.

அப்புறம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். பாரிஸ் திரினித்தே தேவாலயத்தில் 1931இலிருந்து சாகும்வரை வாசித்தவர். இவரிடம் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. சார்ங்கதேவரின் பழைய இந்திய இசை நூலான சங்கீத ரத்னாகரத்திலுள்ள 120 தேசி தாளங்களின் பட்டியலை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் பார்த்து, அவற்றைத் தன் இசையில் கலந்தார். கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றி 1935இல் எழுதிய 'லா நத்திவித்தே' கேட்கும்போது விரல் விட்டுத் தாளம் போட்டுப் பாருங்கள், கட்டாயம் தவறும். 1956இல் அவரே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார், அதைத் தேடுங்கள்.

ஷான் அலன் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரையும் விட்டுவிடாதீர்கள். 1940 போரில் 29 வயதில் இறந்துபோனார். அக்னிக்கு இரண்டு நடனங்கள் எழுதியிருக்கிறார், பெயரே 'அக்னி யவிஷ்ட'. தங்கை மரி-கிளேர் அலன் அண்ணனின் இசையைத் தொடர்ந்து வாசித்து உலகுக்குக் கொண்டுவந்தார். அவர் வாசித்த அண்ணனின் 'லிட்டனி'யை இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரில் போடாதீர்கள். முடிவு பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.