பழசு பழசாகவே இருக்கட்டும்: கால்க் ஆபி மாளிகையைக் காக்கும் முறை

[காட்சி: கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டில். பட்டுத் திரைகளில் சீனப் பூவேலை.]

இந்தப் பட்டுக்கு ஏறக்குறைய 300 வயது. நிறமோ நேற்றுச் சாயம் தோய்த்தது போல இருக்கிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள கால்க் ஆபி மாளிகைக்கு வந்த இந்தத் திரைகளை யாரும் மாட்டவே இல்லை, பெட்டிக்குள்ளேயே கிடந்தன. 1985-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு மாளிகையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளிச்சத்தைப் பார்த்தன.

[காட்சி: உரிந்து தொங்கும் சுவர்த்தாள், வெடித்த பெயிண்ட்.]

அதே வீட்டின் வேறு அறைகள் இவை. 1700-களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. மின்சாரம் வந்தது 1962-இல். 1981-இல் உரிமையாளர் இறந்ததும் பல மில்லியன் பவுண்டு வாரிசு வரி வந்து விழுந்தது. அதனால்தான் வீடு டிரஸ்ட் கைக்குப் போனது. பழுது பார்ப்போம், புதிதாக்க மாட்டோம் என்று அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது, சரியானதும்கூட. ஆனால் உரியும் தாளை உரிந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பது, கிழித்துவிட்டுப் புதுத்தாள் ஒட்டுவதைவிடக் கடினம். இதற்குக் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் ஏற்றவை. அந்தப் பசையைப் பிற்காலத்தில் ஈரம் கொடுத்து எடுத்துவிடலாம். கடையில் விற்கும் வலுவான பசை இறுகிப்போய், அடுத்த முறை பிரிக்கும்போது பழைய தாளையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

[காட்சி: ஈயத் தகடு வேய்ந்த கூரை.]

ஆனாலும் முதல் வேலை கூரையில்தான். ஒரு மீட்டர் ஈயத் தகடு, வெப்பம் 40 டிகிரி ஏறினால் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும், குளிர்ந்தால் சுருங்கும். தகட்டைப் பெரிதாக வெட்டிப் போட்டால் இந்த அசைவுக்கு இடமில்லாமல் மடிந்து விரிசல் விடும். அதைவிட ஆபத்து, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் வடிகால். இலை அடைத்தால் தண்ணீர் உள்பக்கம் வழிந்து, சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனையை நனைக்கும். அங்கே முதலில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை மெத்தென்றாக்கிய ஓக் மரத்தைத் தேடி, மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு வரும். கீழே நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது, இலையுதிர் காலம் முடிந்ததும் கட்டாயமாக, ஏறிப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பெரிய மழையின்போதே போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது; எங்கே வழிகிறது என்பதை மழையே காட்டிவிடும்.

[காட்சி: சுவரில் சிறிய ஈரப்பத உணரி, பக்கத்தில் ஹீட்டர்.]

இங்கே ஹீட்டர் ஓடுவது மனிதர்களுக்காக அல்ல, மரச்சாமான்களுக்காக. அதை இயக்குவது வெப்பமானி அல்ல, ஈரப்பத உணரி. காற்றின் ஈரப்பதம், அதாவது அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது, 50-லிருந்து 65 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலே போய் நீடித்தால் பூசணம். 40-க்குக் கீழே இறங்கினால் மரம் சுருங்கும்.

ஒரு கணக்கு. வெளியே குளிர் 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை 10 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 64 ஆகிவிடும். அவ்வளவு போதும். உட்கார வசதியாக இருக்கட்டும் என்று 20 டிகிரிக்கு ஏற்றினால் 34-க்கு விழும். மேசையின் மேல் ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு எழும்பும், பலகை மூட்டு பிளக்கும். குளிர்கால விருந்துக்காக ஒரு மாலை ஹீட்டரைக் கூட்டிவைப்பதே இந்தச் சேதத்தைத் தொடங்கிவைக்கலாம். அதனால் இங்கே வேலை செய்பவர்கள் கோட்டும் கம்பளி உடையும் போட்டுக்கொள்கிறார்கள்.

[காட்சி: பாதி இறக்கிய ஜன்னல் திரை.]

இனி வெளிச்சம். அதை அளக்கும் அலகு லக்ஸ். துணிக்கு 50 லக்ஸ் போதும். ஆண்டுக்கு 1,50,000 லக்ஸ்-மணி என்பது வழக்கமான வரம்பு. 50 லக்ஸில் 3,000 மணி நேரம் தாங்கும். திரையை இறக்க மறந்து 500 லக்ஸ் விழுந்தால், அந்த ஆண்டின் பங்கு 300 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். போன நிறம் திரும்பாது. கண்ணாடியில் ஒட்டும் புற ஊதாத் தடுப்புப் படலம் உதவும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளுக்க வைக்கும் என்பதால், பார்வையாளர் போனதும் ஜன்னலின் மரக் கதவுகளைச் சாத்தியாக வேண்டும்.

[காட்சி: பாடம் செய்த பறவைகள் நிறைந்த கண்ணாடிப் பெட்டிகள்.]

கால்க்கில் பாடம் செய்த பறவைகள் ஏராளம். இறகும் கம்பளியும் அந்துப்பூச்சிப் புழுவுக்கு விருந்து. பழைய காலத்துப் பாடங்களில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். புழு பிடித்த துணியை மருந்தடிக்காமல் உறைய வைப்பதே நல்லது. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 30 டிகிரியில் 3 நாள். சாதாரண ஃப்ரீசரில் மைனஸ் 18 என்றால் குறைந்தது 2 வாரம். வெளியே எடுத்த உடனே பையைப் பிரித்துவிடக் கூடாது. சில்லிட்ட துணியில் அறைக் காற்றின் ஈரம் படிந்துவிடும். 24 மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து, பிறகு பிரியுங்கள்.