ஹாட் சாக்லேட்: ஒரே பெயரில் இரண்டு பானங்கள்

[காட்சி: அடுப்பில் அடிகனமான சிறு பாத்திரம். பாலின் ஓரங்களில் குமிழிகள் கட்டத் தொடங்குகின்றன.]

வணக்கம். குளிர்காலம் வந்துவிட்டால் ஹாட் சாக்லேட்டை நினைக்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பெயரில் நம் கைக்கு வந்து சேரும் கோப்பைகளில் பல, கோகோ நிறமேறிய சர்க்கரைப் பால் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. முதல் மிடறில் இனிப்பு, அதன் பின் வெறும் சூடு, அடியில் கரையாத தூள் என்று ஏமாற்றத்துடன் கோப்பையைக் கீழே வைத்தவர்களுக்காகவே இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறோம். ஹாட் சாக்லேட் என்ற ஒரே பெயரில் இரு வேறு பானங்கள் ஏறக்குறைய 200 ஆண்டுகளாக உலவி வருகின்றன. அவற்றின் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், எந்தக் குளிருக்கு எதைக் காய்ச்சலாம், எப்படிக் காய்ச்சலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

[காட்சி: பிளந்த கோகோ காய், உள்ளே வெண்ணிறச் சதை மூடிய விதைகள்.]

வேறுபாடு விதையிலிருந்தே தொடங்குகிறது. புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கிய கோகோ பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். கோகோ வெண்ணெய் எனப்படும் இந்தக் கொழுப்பு சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகுவதால், வெளியே கட்டியாக இருப்பது வாய்க்குள் போனதும் இளகிவிடுகிறது. சாக்லேட்டின் வழவழப்பும், விழுங்கிய பிறகும் நாவில் தங்கி நிற்கும் மணமும் பெரும்பாலும் இதன் கொடை. இவ்வளவு கொழுப்பு இருப்பதால், பருப்பை அரைத்தால் தூள் கிடைப்பதில்லை. கெட்டியான விழுதுதான் கிடைக்கிறது. நெடுங்காலம் மக்கள் குடித்து வந்தது அந்த விழுதைக் கரைத்த பானத்தையே.

மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவின் ரியோ அசூல் என்ற இடத்தில், அப்பகுதியின் பழங்குடியினரான மாயா மக்களின் கல்லறை ஒன்றில் கிடைத்த 5ஆம் நூற்றாண்டு மண்கலத்தின் உட்புறத்தைச் சோதித்தபோது, கோகோவில் உள்ள தியோபுரோமின் அதில் படிந்திருந்தது தெரியவந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொரு மாயா குடுவையில், ஒரு பெண் நின்றபடியே தன் கையிலுள்ள கலத்திலிருந்து கீழே வைத்திருக்கும் கலத்துக்குப் பானத்தை ஊற்றுவது தீட்டப்பட்டிருக்கிறது. ஆற்றி நுரை எழுப்பும் காட்சி அது. கொழுப்பு மிகுந்த விழுது தண்ணீரோடு எளிதில் சேராது, விட்டால் மேலே மிதக்கும் என்பதால், அந்தப் பெண்ணின் வேலையில் அழகு மட்டுமின்றித் தேவையும் இருந்தது.

16ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த ஸ்பானியர்கள் நாளடைவில் இதில் சர்க்கரையும் லவங்கப்பட்டையும் சேர்த்துச் சூடாகக் குடிக்கப் பழகினார்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி நுரை எழுப்பும் மொலினியோ என்ற மரமத்து இன்றும் மெக்ஸிகோவின் சமையலறைகளில் இருக்கிறது. 1657இல் லண்டனில் சாக்லேட் பானத்தை விற்கும் கடை திறக்கப்பட்டபோதும், கோப்பையில் இருந்தது கொழுப்பு நீக்காத அந்த அடர்ந்த பானம்தான்.

[காட்சி: பழைய அழுத்து இயந்திரத்தின் வரைபடம். கீழே மஞ்சள் நிறக் கொழுப்பு வடிகிறது.]

திருப்பம் 1828இல் வந்தது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான் ஹூட்டன் குடும்பத்தினர், கோகோ விழுதை அழுத்திப் பிழிந்து கொழுப்பில் பெரும்பகுதியை வெளியேற்றும் முறைக்கு அந்த ஆண்டு காப்புரிமை பெற்றனர். பிழிந்த பின் எஞ்சிய வில்லையை இடித்தால் தூள் கிடைத்தது. அந்தத் தூளைக் காரப்பொருளால் பக்குவப்படுத்தியபோது புளிப்பும் துவர்ப்பும் தணிந்து, நிறமும் கருத்தது. கடைகளில் டச்சு முறைக் கோகோ என்று விற்கப்படுவது இதுதான். கெடாமல் இருப்பதும், மலிவாகக் கிடைப்பதும், பாலில் எளிதில் கலப்பதும் தூளின் நன்மைகள். சாக்லேட் பானம் செல்வர்களின் கூடங்களை விட்டு எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது இதனால்தான். ஆனால் பிழிந்து வெளியேறிய கொழுப்போடு அந்தப் பானத்தின் கெட்டித்தன்மையும் போய்விட்டது.

ஆக, தூளில் காய்ச்சுவது ஒரு பானம். கோகோ வெண்ணெய் அடங்கிய சாக்லேட் கட்டியை உருக்கிக் காய்ச்சுவது வேறொரு பானம். முன்னது இலேசாக, தெளிவான கோகோ மணத்துடன், பெரிய கோப்பை நிறையக் குடிக்கத்தக்கதாக இருக்கும். பின்னது கெட்டியாக, கொழுமையாக, சிறு கோப்பைக்கே மனம் நிறைந்துவிடும். பற்கள் கிட்டிக்கும் குளிரில் இரண்டையும் கலந்து காய்ச்சுவதே எங்கள் தேர்வு: கட்டி கொழுமையைத் தரும், தூள் கோகோவின் கசப்பை முன்னே கொண்டுவரும்.

[காட்சி: மேசையில் அளந்து வைத்த பொருள்கள்.]

ஒரு கோப்பைக்குக் கொழுப்பு நீக்காத பால் 200 மில்லி, கோகோ 60 முதல் 70 விழுக்காடு உள்ள டார்க் சாக்லேட் 30 கிராம், கோகோ தூள் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உப்பைக் கண்டு தயங்க வேண்டாம். இவ்வளவு சிறிய அளவில் அது உவர்ப்பாகத் தெரியாது. கசப்பை அடக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். பாலுக்குப் பதிலாக ஓட்ஸ் பாலையும் பயன்படுத்தலாம். தண்ணீரிலும் காய்ச்சலாம், சாக்லேட்டின் மணம் அப்போது மறைப்பின்றித் தெரியும்.

தூளைப் பாலில் நேரே கொட்டுவதுதான் பல கோப்பைகளைக் கெடுக்கிறது. துகள்களில் எஞ்சியிருக்கும் கொழுப்பு நீரை விலக்குவதால், அவை ஒன்றோடொன்று ஒட்டி, வெளியே நனைந்தும் உள்ளே காய்ந்தும் இருக்கும் சிறு உருண்டைகளாகக் கட்டி தட்டிவிடும். அதன் பின் எவ்வளவு கலக்கினாலும் அவை முழுவதும் உடைவதில்லை. எனவே தூளையும் சர்க்கரையையும் உப்பையும் முதலில் உலர்வாகக் கலந்துகொண்டு, சூடான பாலை இரண்டு கரண்டி மட்டும் விட்டு, கரண்டியின் பின்புறத்தால் பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்க வேண்டும். தொடக்கத்தில் மங்கிய பழுப்பு நிறத்தில், ஆங்காங்கே உலர்ந்த தூள் தெரிய, கரண்டிக்கு அடங்காமல் உருளும் கலவை, தேய்க்கத் தேய்க்கச் சட்டென்று இளகிப் பளபளக்கும். நிறமும் ஏறக்குறைய கருப்பாகிவிடும். அந்தப் பளபளப்பைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பாலை ஊற்ற வேண்டும்.

[காட்சி: விழுதின் மீது பால் நூலாக இறங்குகிறது.]

இப்போது மிதமான தீயில், அடிபிடிக்காமல் கிளறியபடி, கொதி வரும் நேரத்தில் தீயைத் தணித்து இரண்டு நிமிடம் வைத்திருங்கள். கோகோ தூளில் இயல்பாகவே மாவுச்சத்து உண்டு. கொதிநிலையை நெருங்கும் சூட்டில் அது நீரை உறிஞ்சி உப்பி, பானத்துக்குப் பதம் தரும். கரண்டியால் எடுத்து உண்ணும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும் இத்தாலிய முறையில் சோளமாவும் சேர்ப்பது இதற்காகவே. பின்னர் அடுப்பை அணைத்துவிட்டு, நறுக்கிய சாக்லேட்டைப் போட்டு, ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள். உருகிய கொழுப்பைப் பாலோடு இணைக்க விஸ்க் கொண்டு வேகமாக அடிக்கலாம். இல்லையென்றால் மாயா குடுவையில் பார்த்த பெண்ணைப் போல உயர்த்தி ஆற்றலாம். நுரை மூடியிருந்தால் பாலின் மேல் ஆடை படிவதும் குறையும். ஆடையை விரும்பிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

ஆற்றுவதால் சூடும் அளவுக்கு வரும். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் உள்ளவை என்ற வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சேர்த்தது. சுவைக்கும் இது பொருந்தும்: நாக்கு பொத்துப்போன பிறகு எந்தச் சாக்லேட்டும் தன் சுவையைக் காட்டாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முதல் மிடறு குடித்தால், கசப்பும் இனிப்பும் தனித்தனியே தெரியும்.

[காட்சி: இரு கைகளால் பற்றிய கோப்பை. ஆவி முகத்தில் படிகிறது.]

இந்தப் பானம் உண்மையிலேயே உடலைச் சூடாக்குகிறதா? கணக்குப் பார்த்தால் மிகக் கொஞ்சம்தான். 60 டிகிரிச் சூட்டில் உள்ள 200 மில்லி பானம், உடலின் 37 டிகிரிக்கு ஆறும்போது தரும் வெப்பம் 5 கிலோ கலோரிக்கும் குறைவு. வளர்ந்த ஒருவரின் உடல் வெப்பநிலையை அது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட உயர்த்தாது. அதே கோப்பையில் உணவாக இருக்கும் ஆற்றலோ ஏறக்குறைய 300 கிலோ கலோரி. ஆயினும் விறைத்த விரல்கள், உதடு, நாக்கு, ஆவி படும் மூக்கு என்று குளிரை முதலில் உணரும் இடங்களையே கோப்பையின் சூடு நேரே சென்று தொடுவதால், நடுக்கம் அடங்கிவிட்டது போன்ற நிம்மதி கிடைக்கிறது. கெட்டியான பானம் மெல்ல ஆறும், மெல்லவே குடிக்கவும் முடியும். ஆகவே அந்த நிம்மதி நீடிக்கிறது.

கோப்பையின் நிறத்துக்கும் பங்கு உண்டு என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. 57 பேருக்கு வெவ்வேறு நிறக் கோப்பைகளில் ஹாட் சாக்லேட் கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சு நிறக் கோப்பையிலும் இளம் பழுப்பு நிறக் கோப்பையிலும் சாக்லேட் சுவை தூக்கலாக இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்களாம். கோப்பை வாங்கக் கிளம்பும் முன் நல்ல சாக்லேட் வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து.

[காட்சி: உலக வரைபடம். சில ஊர்கள் ஒளிர்கின்றன.]

ஊருக்கு ஊர் இந்தக் கொண்டாட்டம் மாறுகிறது. இத்தாலியின் டூரின் நகரில் காபி, சாக்லேட், கிரீம் மூன்றையும் கலக்காமல் அடுக்கடுக்காக ஊற்றிச் சிறு கண்ணாடிக் கோப்பையில் தரும் பிச்செரின் புகழ்பெற்றது. மாட்ரிட்டில் சுர்ரோ என்ற பொரித்த பண்டத்தை அடர்ந்த சாக்லேட்டில் தோய்த்து உண்கிறார்கள். கொலம்பியாவின் போகோடாவில் சூடான சாக்லேட்டுக்குள் சீஸ் துண்டுகளைப் போட்டு, அவை இளகி நூல் விடும்போது கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். கேட்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும், ஆனால் உப்புச் சிட்டிகை செய்யும் அதே வேலையைத்தான் அந்தச் சீஸும் செய்கிறது. பெரு நாட்டின் வழக்கம் இன்னும் வேடிக்கையானது. தென்கோளத்தில் டிசம்பர் என்பது கோடைக்காலம். அப்படியிருந்தும் அங்கே கிறிஸ்துமஸ் என்றால் சூடான சாக்லேட் வேண்டும்.

வீட்டில் பலர் கூடும் நாளில் எல்லோருக்குமாக ஒரே பாத்திரத்தில் காய்ச்சி, மிகக் குறைந்த தீயில் வைத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் போதும். சிறு கோப்பைகளில் ஊற்றுங்கள். கெட்டியான பானத்துக்கு 100 மில்லியே தாராளம். மார்ஷ்மெல்லோ போடுவதாக இருந்தால் பானத்தில் சர்க்கரையைத் தவிர்த்துவிடலாம். இனிப்பில்லாமல் அடித்த குளிர்ந்த கிரீம் அதைவிட நல்ல துணை, ஏனென்றால் சூடான பானம் அந்தக் குளிர்ந்த படலத்தின் வழியாக வாய்க்கு வரும்போது ஒவ்வொரு மிடறிலும் இரு வெப்பநிலைகள் கிடைக்கும். சாக்லேட்டில் சிறிதளவு காஃபீன் உண்டு. காபியைவிட வெகு குறைவு என்றாலும், உறக்கம் எளிதில் கலைபவர்கள் மாலையிலேயே குடித்துவிடுவது நல்லது. வீட்டில் நாய் இருந்தால் கோப்பைகளை எட்டாத இடத்தில் வையுங்கள், தியோபுரோமின் அதற்கு நஞ்சு.

மீந்துவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மறுநாள் கொழுப்பும் மாவுச்சத்தும் இறுகிப் புட்டிங் பதத்தில் இருக்கும். இரண்டு மூன்று கரண்டி பால் விட்டு, குறைந்த தீயில் இளக்கி, மீண்டும் ஒருமுறை அடித்து நுரை எழுப்பினால் போதும். நேற்றைய கோப்பையைவிடச் சற்று அடர்த்தியாகவே இருக்கும்.