காலியாக விட்ட இடங்கள்

வணக்கம். செயலிகளின் கட்டளைத் தொகுதி, அதாவது ஒரு செயலிக்குப் புரியும் கட்டளைகளின் முழுப் பட்டியல், பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எத்தனை கட்டளைகள், எவ்வளவு வேகம் என்றுதான் போகும். எனக்கு ரொம்ப நாளாகச் சொல்ல ஆசைப்பட்ட விஷயம் வேறு: அந்தத் தொகுதியை வடிவமைத்தவர்கள் எந்த இடத்தைக் காலியாக விட்டார்கள், அந்தக் காலி இடத்தை யாரும் தொடாமல் எப்படிக் காத்தார்கள் என்பது.

ஒரே ஒரு கூட்டல் கட்டளையை எடுத்துக்கொள்வோம். பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் தொகுதியில் இதற்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடங்கள். செயலி எண்களைக் கையில் வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டிகளான ரெஜிஸ்டர்கள் 32 இருப்பதால் ஒவ்வொன்றின் எண்ணையும் சொல்ல 5 பிட் வேண்டும். எந்த இரண்டைக் கூட்டுவது, விடையை எதில் வைப்பது என்று மூன்று ரெஜிஸ்டருக்கே 15 பிட் போய்விடுகிறது. இது எந்த வகைக் கட்டளை என்பதற்கு 7. மீதி 10 பிட்டும் கூட்டலுக்குப் பூஜ்யம்தான். அதில் ஒரு பிட்டை 1 ஆக்கினால் கழித்தல். பெருக்கல் அடிப்படைத் தொகுதியில் கிடையாது, வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்ளும் நீட்டிப்பு அது. அதற்கு வேறொரு பிட்டை 1 ஆக்கினார்கள், வேலை முடிந்தது. யாரையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. முதல் முறை இதைத் தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இடம் விடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 8086 செயலியைப் பாருங்கள். 1978-இல் இன்டெல் வெளியிட்டது. கட்டளையின் முதல் பைட்டில், அதாவது முதல் எட்டு பிட்டில், 256 எண்கள்தான் உண்டு. அதில் 16 எண்களை ஒரு ரெஜிஸ்டரில் ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் கழி என்ற வேலைக்கே கொடுத்துவிட்டார்கள், எட்டு ரெஜிஸ்டருக்கு எட்டும் எட்டும். அன்றைக்கு அது சரியான முடிவுதான். நினைவகம் விலை கூடியது, அடிக்கடி வரும் வேலை ஒரே பைட்டில் முடிந்தால் நிரல் சின்னதாகும். ஆனால் 2003-இல் ஏஎம்டி நிறுவனம் அதே வழியில் வந்த தன் 64 பிட் செயலியான ஆப்டரானைக் கொண்டுவந்தபோது ரெஜிஸ்டர்களை எட்டிலிருந்து பதினாறாக்க வேண்டியிருந்தது. பதினாறில் ஒன்றைக் குறிக்க ஒரு பிட் கூடுதலாகத் தேவை, பழைய கட்டளைகளில் அதை வைக்க இடமே இல்லை. கடைசியில் அந்தப் 16 எண்களை 64 பிட் முறையில் மட்டும் காலி செய்து, மற்றக் கட்டளைகளுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பைட்டாக மாற்றினார்கள். இன்றைக்கும் 8086-இன் வழிவந்த எக்ஸ்86 செயலிகளில் 64 பிட் நிரலைப் பிரித்துப் பார்த்தால் கட்டளைக்குக் கட்டளை அந்த முன்பைட் வந்து நிற்கும்.

சரி, இடம் விட்டாலே போதுமா? போதாது. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக் குடும்பம் அதற்குச் சாட்சி. 1964 ஏப்ரலில் அறிவித்தார்கள். சின்ன இயந்திரத்திலிருந்து பெரிய இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளைத் தொகுதி என்ற எண்ணத்தை நிலைநாட்டியது அதுதான், அந்தப் பெருமை அதற்கு எப்போதும் உண்டு. ரெஜிஸ்டர் 32 பிட், நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணான முகவரி 24 பிட், மேலே இருக்கும் 8 பிட்டை முகவரி கணக்கிடும்போது வன்பொருள் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளாத இடம் கிடைத்தால் நிரலர்கள் விடுவார்களா? தங்கள் குறிகளை அதில் போட்டு வைத்தார்கள். 1980-களில் 24 பிட் முகவரி எட்டக்கூடிய 16 மெகாபைட் போதாமல் முகவரியை நீட்டப் போனபோது அந்த 8 பிட் நிறையப் பேரின் நிரல்களில் குடியிருந்தது. அதனால் பழைய 24 பிட் முறை, புதிய 31 பிட் முறை என்று இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டிவந்தது. ஏன் 32 இல்லாமல் 31? முகவரிகளை வரிசையாக வைக்கும் பட்டியலில் கடைசி முகவரி இதுதான் என்று காட்ட அந்த மேல் பிட்டைப் பயன்படுத்தும் வழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

இந்தப் பாடம் ஆப்டரானில் தெரிகிறது. முகவரி 64 பிட், உண்மையில் பயன்பட்டது 48. மேலே உள்ள 16 பிட்டும் 47 என்ற எண்ணுள்ள பிட்டின் நகலாகவே இருக்க வேண்டும், வேறு எதையாவது வைத்துவிட்டு அந்த முகவரியைத் தொட்டால் செயலி உடனே பிழை எழுப்பும். காலி இடத்துக்குக் காவல் போட்டுவிட்டார்கள். கட்டளைத் தொகுதி வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று.

அப்புறம், என் கைப்பட்ட ஒன்று. ரிஸ்க்-ஃபைவ்க்கு ஒரு சின்ன சிமுலேட்டர், அதாவது அந்தச் செயலி போலவே நடக்கும் நிரல், எழுதிக்கொண்டிருந்தேன். நிரலை வேறோர் இடத்துக்கு அனுப்பும் தாவல் கட்டளையில், தாவ வேண்டிய தூரத்தின் பிட்டுகள் வரிசையாக இருக்காது, கலைத்து வைத்திருப்பார்கள். அதைச் சேர்க்கும்போது ஒரு பிட்டை இடம் மாற்றிவிட்டேன். நிரல் எங்கோ வெறும் பூஜ்யங்கள் கிடக்கும் நினைவகத்துக்குள் தாவியது. மிப்ஸ் என்ற இன்னொரு கட்டளைத் தொகுதியில் 32 பிட்டும் பூஜ்யமாக இருந்தால் அதற்கு ஒன்றும் செய்யாதே என்று அர்த்தம், ஆகவே நிரல் சத்தமில்லாமல் நடந்துகொண்டே போய் வேறெங்கோ விழும், தவறு எங்கே தொடங்கியது என்று தேடித் தேடி அலுத்துவிடும். ரிஸ்க்-ஃபைவ் அந்த முழுப் பூஜ்யத்தைச் செல்லாத கட்டளை என்று வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. முதல் பூஜ்யத்திலேயே நின்றது. திரையில் முகவரி இருந்தது, அதற்கு முந்தைய கட்டளை அந்தத் தாவல்தான். பத்து நிமிடத்தில் பிட்டைச் சரிசெய்துவிட்டேன்.