தலையில் அடிபட்ட பின் வரும் சோதனை மதிப்பெண்ணை எப்போது நம்பக்கூடாது?

[திரையில்: கணினி முன் ஒரு விளையாட்டு வீரர்]

கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சி, பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில் தெரியாது. படம் சுத்தமாக இருக்கும், ஆனால் ஞாபகம் தடுமாறும், பதில் சொல்ல நேரமாகும். அதனால்தான் ஞாபகத்தையும் கவனத்தையும் வேகத்தையும் அளக்கும் சோதனைகள் வைக்கிறார்கள். இவை எல்லாமே, செய்பவர் முழு முயற்சி போடுகிறார் என்ற நம்பிக்கையில்தான் நிற்கின்றன.

சிலர் போடுவதில்லை. அடிபட்ட பிறகு, நஷ்ட ஈட்டு வழக்கு நடக்கும்போது பாதிப்பைக் கூட்டிக் காட்டுபவர்கள் உண்டு. விளையாட்டில் வேறு மாதிரி: சீசனுக்கு முன் எடுக்கும் அடிப்படைச் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிட்டால், பின்னால் அடிபட்டாலும் மதிப்பெண் இறங்கியதாகத் தெரியாது, சீக்கிரம் களத்துக்குத் திரும்பிவிடலாம். அமெரிக்கக் கால்பந்து வீரர் பேட்டன் மானிங் 2011-இல் இப்படிச் செய்ததாகச் சொல்லிப் பெரிய பேச்சானது. பிறகு கிண்டலுக்குச் சொன்னேன் என்றார். ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் இது எனக்குச் சாதாரண ஏமாற்றாகத் தெரியவில்லை.

[திரையில்: ஜோடி ஜோடியாகப் படங்கள்]

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 50 படங்களைக் காட்டுவார்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் ஒரு புதுப் படத்தோடு சேர்த்துக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். பார்க்கக் கடினமாகத் தெரியும், உண்மையில் ரொம்ப எளிது. மூளையில் நிஜமான காயம் உள்ளவர்கள்கூடப் பெரும்பாலும் நன்றாகவே செய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாலே சுமார் 25 சரியாக வரும். 15 அல்லது அதற்கும் கீழே வருவது, குருட்டாம்போக்கில் சொல்லும் ஆயிரம் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் நடக்கும். அப்படியானால் சரியான விடை தெரிந்தே தவிர்த்திருக்கிறார் என்று சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது.

இம்பாக்ட் போன்ற கணினிச் சோதனைகளுக்குள்ளேயே இந்தக் கண்காணிப்பு உண்டு. எந்த அளவுக்குக் கீழே போனால் பிடிபடும் என்பதை வேண்டுமென்றே இங்கே சொல்லவில்லை, தெரிந்தால் ஏமாற்றுவது சுலபமாகிவிடும்.

[திரையில்: சத்தமான அறை, வரிசையாகக் கணினிகள்]

ஆனால் சோதனை முடிவு "செல்லாது" என்று வந்தால் உடனே "பொய்" என்று முத்திரை குத்தாதீர்கள். தூக்கமின்மை, கவனக்குறைபாடு, கூட்டமாக உட்காரவைத்த சத்தமான அறை, விதிகள் புரியாமை, இடது வலது பொத்தானை மாற்றி அழுத்தியது என எதுவும் காரணமாக இருக்கலாம். முதலில் விசாரியுங்கள், அமைதியான அறையில் தனியாக மறுபடி சோதியுங்கள். செல்லாத அடிப்படை மதிப்பெண்ணை மட்டும் கோப்பில் அப்படியே விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அடிபட்ட நாளில் டாக்டர் ஒப்பிடப்போவது அதனோடுதான்.